மனநல நர்சிங் மட்டும் தனி டிகிரியாகப் படிக்க முடியுமா? குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

எடப்பள்ளி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். +2 பயாலஜி குரூப் முடித்திருக்கிறேன். மார்க் மோசமில்லை. டாக்டர் ஆகும் எண்ணம் கிடையாது, நர்சிங்தான். அதிலும் மனநல நர்சிங். எங்கள் சித்திக்குக் குழந்தை பிறந்த பிறகு மனசு சரியில்லாமல் போய் ஊட்டியில் சேர்த்திருந்தோம். அப்போது துணைக்கு இருந்தவள் நான்தான்.

கோவையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். "இந்தியாவில் மனநல நர்சிங்குக்கு டிகிரியே கிடையாது, இங்கிலாந்தில் மூணு வருஷத்தில் நேரா அதையே படிக்கலாம்" என்கிறார்கள். இது உண்மையா? அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டம் கொஞ்சம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை என்ன நிலையில் இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் நிலத்தை அடமானம் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

மலைக்காட்டான்

முதல் வேலை, அந்த அடமானப் பேச்சை நிறுத்தச் சொல். கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வருகிறது. நீ சேர்ந்தால் அவர்களுக்குக் காசு, முடித்தாயா இல்லையா என்பது அவர்கள் கவலை இல்லை. மீதியை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

---

வார்டு_சிஸ்டர்

கன்சல்டன்சிக்காரர் சொன்னதில் பாதி உண்மை, பாதியை மறைத்துவிட்டார்.

இங்கே இளநிலையில் மனநல நர்சிங் என்று தனி டிகிரி இல்லை, அது சரி. ஆனால் படிக்க வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. முதலில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். அதில் குழந்தை, பிரசவம், அறுவை சிகிச்சை, சமூக நலம் என்று எல்லாம் வரும். 2021-ல் வந்த புதிய பாடத்திட்டப்படி மனநல நர்சிங் ஐந்தாவது செமஸ்டரிலும் ஆறாவதிலும் இரண்டு பகுதியாக இருக்கிறது. முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, எம்.எஸ்சி. நர்சிங்கில் மனநலப் பிரிவை எடுக்கலாம். அது இரண்டு வருடம். அவ்வளவு வேண்டாம் என்றால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் (மத்திய அரசின் மனநல நிறுவனம்) இரண்டுமே உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் தேவையில்லை. +2-வில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதை விட்டுவிடாதே. அரசுக் கல்லூரி கிடைத்தால் உன் அப்பா ஒரு செடியைக் கூட அடமானம் வைக்க வேண்டாம்.

சட்டத்திலும் ஒரு விஷயம் பார்த்து வை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 'மனநல செவிலியர்' என்ற விளக்கத்துக்குள் பொது நர்சிங் டிகிரி, டிப்ளமோ வைத்திருப்பவரும் வருகிறார், மனநல நர்சிங் படித்தவரும் வருகிறார். மனநல செவிலியர்களைப் பதிவு செய்வது மாநில மனநல ஆணையத்தின் வேலை. அதனால் பொது டிகிரியோடு இந்தத் துறைக்கு வந்தால் கதவு மூடியிருக்காது.

---

பேர்_வேண்டாம்

பொண்ணுக்கு நல்ல புத்தி சொல்வதை விட்டுவிட்டு எல்லோரும் ஏற்றிவிடுகிறீர்கள். கீழ்ப்பாக்கம் வேலை என்று தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று படித்தால் கல்ஃபில் உடனே வேலை. வார்டில் அடி வாங்குவது வேறு இருக்கிறது.

---

எம்எஸ்சி_பெங்களூரு

நான் எம்.எஸ்சி. மனநல நர்சிங் இரண்டாம் வருடம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அந்த மாப்பிள்ளையிடமே விட்டுவிடுவோம்.

அடி விஷயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், நடக்கிறது. ஆனால் எப்போது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்த்த நோயாளியை நாலு பேர் சூழ்ந்து நின்று, ஆளுக்கு ஒரு கட்டளை போடும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், கைக்கெட்டாத தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அவர் வெளியே போகும் வழியை மறிக்கக் கூடாது, குரலை இறக்க வேண்டும். இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாகவே நடத்துகிறார்கள். கேஷுவாலிட்டியில் இதைவிட அதிகம் அடி வாங்கிய தோழிகள் எனக்கு இருக்கிறார்கள்.

கீழ்ப்பாக்கத்தைக் கேலி செய்பவர்களுக்கு: அந்த மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பல தங்கள் மாணவிகளை மனநலப் போஸ்டிங்குக்கு அங்கேதான் அனுப்புகின்றன. கேலிக்குரியது எதுவென்றால் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் நடந்தது. கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள். படித்த நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்திருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பாள் என்றெல்லாம் கணக்குப் போட முடியாது. சங்கிலி போட்டதும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்திருப்பாள், அது நிச்சயம். இன்று சங்கிலி போடுவது சட்டப்படியே தடை. மயக்க மருந்து இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை கொடுப்பதும் தடை.

---

ஷெஃபீல்டு_கோத்தகிரி

கோத்தகிரிக்காரன், இங்கிலாந்தில் மனநல நர்சாக இருக்கிறேன். அந்தக் கன்சல்டன்சி சொன்ன மூன்று வருடப் படிப்பைத்தான் நான் படித்தேன். இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

இங்கே நர்சிங் நான்கு தனித்தனிப் பிரிவு: பெரியவர்கள், குழந்தைகள், அறிவுத்திறன் குறைபாடு, மனநலம். சேரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 4,600 மணி நேரம், அதில் பாதி வகுப்பு, பாதி வார்டு. 2,300 மணி நேர வார்டு வேலைக்குச் சம்பளம் கிடையாது. இரவு ஷிப்ட், ஞாயிறு எல்லாம் உண்டு. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வெளியில் வேலை பார்க்கலாம். வார்டில் முழு வாரம் நின்ற பிறகு அந்த 20 மணி நேரத்துக்கு உடம்பு ஒத்துழைக்காது. "பார்ட் டைம் பார்த்து ஃபீஸ் கட்டிடலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல இடங்களில் வருடத்துக்கு 15,000 பவுண்டுக்கு மேல். உள்ளூர் மாணவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை நமக்கு வராது. வாடகை, குளிர் உடுப்பு தனி. (ஊட்டிக் குளிரைப் பார்த்தவன் நான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அது பலிக்கவில்லை.)

படிப்பு எப்படி என்றால், பிரமாதம். மூன்று வருடமும் இதே வேலை. கடும் நோய் வார்டு, முதியோர் மறதி நோய், போதை, வீடு வீடாகப் போகும் குழு என்று எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன். இங்கே 1983 மனநலச் சட்டப்படி, தானாக வந்து சேர்ந்த நோயாளி ஆபத்தான நிலையில் வெளியேறப் பார்த்தால், டாக்டர் வரும் வரை 6 மணி நேரம் வரை அவரை நிறுத்திவைக்கும் அதிகாரம் மனநல நர்சுக்கு உண்டு. பெரியவர்கள் பிரிவு நர்சுக்கு அது இல்லை. அந்தக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும்.

வார்டு சிஸ்டர் சொன்ன பாதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல். இரண்டு செமஸ்டர் பாடமும் சில வாரப் போஸ்டிங்கும் வைத்துக்கொண்டு ஒருவரை 'மனநல செவிலியர்' என்பது கொஞ்சம் அதிகம்.

---

வார்டு_சிஸ்டர்

தம்பி, அதிகம்தான். அதனால்தான் எம்.எஸ்சி., டிப்ளமோ என்று சொன்னேன். ஆனால் பொதுப் படிப்பு வீண் என்று நினைத்தால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் மலையில் மனநோய் நேராக மனநல ஓபிக்கு வருவதில்லை. எலும்பு முறிவு வார்டுக்கு வரும். தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் உடைந்தவர், நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாள் ஆனதும் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையைத் தட்டுவார். வீட்டுக்காரம்மா காத்து கருப்பு என்று எலுமிச்சம்பழம் தேடிப் போவார். அது குடியை நிறுத்தியதால் வரும் குழப்ப நிலை, உயிரையே எடுக்கும். அந்த நேரத்தில் நாடி, ரத்த அழுத்தம், உப்பு, சர்க்கரை எல்லாம் பார்க்கத் தெரிய வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) போட்டார்களா என்று கேட்கத் தெரிய வேண்டும். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

விஷம் குடித்து வருபவர்கள் கதையும் அதுதான். பூச்சிமருந்து எல்லாத் தோட்டத்திலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. முதலில் மூச்சைக் காப்பாற்ற வேண்டும். மறுநாள் காலையில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நல்லது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது தெரியாமல் "இப்படிப் பண்ணிட்டியே, அறிவிருக்கா" என்று வார்டிலேயே திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

---

எம்எஸ்சி_பெங்களூரு

சிஸ்டரோடு சேர்ந்துகொள்கிறேன். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதயம், நுரையீரல், சர்க்கரை போன்ற உடல் நோய்களால். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாலும் "அது மனசு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

மருந்தும் அப்படி. மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதே ஆளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அளவு ஏறி நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிசோபிரினியாவுக்கான குளோசபின் மருந்து எடுப்பவருக்குச் சாதாரணக் காய்ச்சல் தொண்டை வலி என்றாலும் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். வார்டில் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டுமே, அதற்குப் பொது வார்டில் கொஞ்ச காலம் தேய வேண்டும்.

---

ஷெஃபீல்டு_கோத்தகிரி

அந்தக் குத்து எனக்குப் பட்டது, நியாயம்தான். எங்கள் வார்டுகளில் உடல் நலம்தான் பலவீனமான இடம் என்று இங்கேயும் பேசுகிறார்கள். மனநலப் பிரிவில் படித்துவிட்டுக் கையில் ஐ.வி. போடவே தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தங்கைக்கு ஒன்று. இந்தியாவில் பொது டிகிரி முடித்த பிறகும் இங்கே வரலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, அவ்வளவுதான். அந்த வழியில் வருகிறவர்களிடம் வேலைக்காக ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்று இங்கே நெறிமுறையே இருக்கிறது. நேர்மாறாக, இங்கே மனநலம் மட்டும் படித்துவிட்டு ஊருக்குத் திரும்ப நினைத்தால், பொது நர்சிங் படிக்காத டிகிரியை வைத்து அங்கே பதிவு வாங்குவது தலைவலி. பணம் கட்டும் முன் இந்திய நர்சிங் கவுன்சிலிடம் எழுத்தில் பதில் வாங்கு. கன்சல்டன்சியின் வாய்வார்த்தை எதற்கும் ஆகாது.

---

பந்தலூர்_அண்ணன்

நான் நர்ஸ் இல்லை. தம்பிக்கு சிசோபிரினியா. படிக்கப் போகிற பிள்ளைக்கு நோயாளி வீட்டுப் பக்கமும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்து டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர்கள். லயத்து வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் ஒருவன் ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் தூங்க முடியாது, காலையில் இலை பறிக்கவும் போக முடியாது. கோயில், தர்கா, கேரளா வைத்தியர் என்று எல்லா இடமும் போனோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுவான். திரும்ப முதலிலிருந்து.

மாற்றியது ஒரு நர்ஸ்தான். மாவட்ட மனநலத் திட்ட முகாமுக்கு வந்தவர். "மாத்திரை ஏன் நிறுத்தினே" என்று அவனைத் திட்டவில்லை. மாத்திரை போட்டால் என்ன செய்கிறது என்று கேட்டார். கால் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறது, வாய் கோணுகிறது என்றான். அதுவரை வீட்டில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வைத்தார், பிறகு மாதம் ஒருமுறை ஊசி. ஊசி தேதிக்கு முந்தின நாள் போன் வரும். மழையில் மரம் விழுந்து பஸ் நின்றாலோ, ரோட்டில் யானை நின்றாலோ, அடுத்த நாள் வரச் சொல்வார், வராமல் விட்டுவிட மாட்டார். அவர் என்ன டிகிரி என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இங்கே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பேச்சு புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் அந்த மக்களின் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்சாக வைத்திருக்கிறார்கள், அங்கே மட்டும் வாய்விட்டுப் பேசுகிறார்கள். மனசு வைத்தியம் என்பதே பேச்சு என்றால், பேச்சு தெரியாமல் எப்படி?

---

வார்டு_சிஸ்டர்

அண்ணா, கால் ஒரு இடத்தில் நிற்காதது மருந்தின் பக்க விளைவு, பேரே உண்டு. அதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தைக் கூட்டிவிடுவதும் நடக்கும். அந்த நர்ஸ் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி.

மொழி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. படுகர் பாட்டிமார்கள் "மனசு சரியில்லை" என்று வந்து நின்றதே இல்லை. உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரம், வயிறு பொருமல், சாப்பாடு இறங்கவில்லை, இப்படித்தான் வரும். அவங்க பேச்சிலேயே நாலு வார்த்தை பேசினால்தான் மகன் வெளியூர் போனதும், வீட்டுக்காரர் போனதும் வெளியே வரும். எடப்பள்ளிப் பெண்ணே, உனக்குப் படுகு மொழி பேசத் தெரியும் என்றால் அதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராத தகுதி என்று வைத்துக்கொள்.

---

எடப்பள்ளி_மாணவி

படுகுதான் எங்கள் வீட்டுப் பேச்சு அக்கா.

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் இந்தப் பதில்களை எல்லாம் படித்துக் காட்டினேன். அடமானம் இப்போதைக்கு நின்றது. அவருக்குப் பிடித்தது சம்பளமில்லாத 2,300 மணி நேரக் கணக்குதான், "ஓசி வேலையா" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். பி.எஸ்சி. கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கிறேன். இங்கிலாந்து ஆசை முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சந்தேகம். அரசு சீட் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் எதைப் பார்த்துச் சேர வேண்டும்? அப்புறம், சேரும் முன் மனநல வார்டை ஒருநாள் போய்ப் பார்க்க முடியுமா?

---

எம்எஸ்சி_பெங்களூரு

இரண்டாவதற்குப் பதில்: வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நமக்குக் காட்சிப் பொருள் இல்லை, அவர்களுடைய ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. துணைக்கு இருந்தவளாக ஏற்கெனவே பார்த்திருக்கிறாய், அது போதும். கேட்டுப் பழக வேண்டும் என்றால் ஊரில் வயதான ஒருவரிடம் அரை மணி நேரம் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்து பார். முதல் போஸ்டிங்கில் நாங்கள் எல்லோரும் திணறியது அதில்தான். நோயாளி சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் ஓடியது என்று வரிக்கு வரி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் பாதி வரிகளில் நாமே பேசியிருப்போம்.

---

வார்டு_சிஸ்டர்

முதல் கேள்விக்கு. கட்டடத்தையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் கடைசியில் பார். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் நீ சேரும் வருடத்துக்கு இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பார், கல்லூரி மாட்டியிருக்கும் போர்டை நம்பாதே. சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா என்று ஒரு சாதாரண நாளில் போய்ப் பார். மனநலப் போஸ்டிங் எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம், கூட ஆசிரியர் வருவாரா என்று அங்கே படிக்கும் மூன்றாம் வருட மாணவியிடம் கேள். ஆபீஸில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "உண்டு" என்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் படி இறங்கிவிடு.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இந்த வாரமே இ-சேவையில் விண்ணப்பித்துவிடு கண்ணு. கவுன்சலிங் அறிவிப்பு வந்த பிறகு போனால் குன்னூர் தாலுகா ஆபீஸில் வரிசை மார்க்கெட் வரைக்கும் நிற்கும்.